டிஎஸ்எச் கூடினால் தைராய்டு குறைவு என்கிறார்களே, எப்படி?

கேள்வி: எனக்கு 34 வயது. ஒரு வருடமாகத் தீராத களைப்பு. முடி கொட்டுகிறது, எடை 9 கிலோ கூடிவிட்டது. 28 நாளைக்கு ஒருமுறை சரியாக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு இப்போது 35, 40 நாள் என்று தள்ளிப்போகிறது. ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் 7.4 (லேப் கொடுத்திருக்கும் வரம்பு 0.4 முதல் 4.5 வரை), ஃப்ரீ டி4 1.1 (வரம்பு 0.8 முதல் 1.8 வரை). டாக்டர், "தைராய்டு லேசாகக் குறைவு, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்" என்றார். டிஎஸ்எச் கூடுதலாக இருக்கும்போது தைராய்டு எப்படிக் குறைவாக இருக்க முடியும்? என் அக்காவுக்கும் தைராய்டு உண்டு. தான் சாப்பிடும் மாத்திரையையே என்னையும் தொடங்கச் சொல்கிறாள். ஹார்மோன்களைச் சமநிலைக்குக் கொண்டுவரும் என்று இணையத்தில் விற்கும் ஒரு பொடியைத் தோழி சிபாரிசு செய்கிறாள். எல்லா ஹார்மோன்களையும் ஒரே தடவையில் பார்க்கும் பேக்கேஜ் எடுத்துவிடலாமா? முடிக்காக பயோட்டின் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது குழந்தைக்கும் முயற்சி செய்யலாம் என்று இருக்கிறோம்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம். குழந்தைக்கு முயற்சி செய்யப்போவதை உங்கள் டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் தனியாக உலவும் தைராய்டு ஹார்மோன், இயல்பாக இருந்து டிஎஸ்எச் மட்டும் 7.4 என்றிருந்தால், உடனே மாத்திரை எழுதாமல் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பது நல்ல மருத்துவம். பலருக்கு அந்த இடைவெளியில் எண் தானாகவே இறங்கிவிடும். ஆனால் கருத்தரிக்க நினைக்கும் பெண்ணுக்கு அந்தக் காத்திருப்பு பொருந்தாது. அதனால் இந்த வாரமே அவரிடம் போய் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அது புரிய வேண்டுமானால் முதலில் உங்கள் டிஎஸ்எச் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்.

டிஎஸ்எச்சைச் சுரப்பது தைராய்டு இல்லை. மூளையின் அடியில், மண்டையோட்டு எலும்பில் உள்ள ஒரு சிறு குழிக்குள் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதைச் சுரக்கிறது. அந்தச் சுரப்பியின் எடை ஏறக்குறைய அரை கிராம்தான். டிஎஸ்எச் ரத்தத்தில் கலந்து, கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டை அடைந்து, "ஹார்மோன் தயாரி" என்று அதைத் தூண்டுகிறது. தைராய்டு தயாரிப்பது பெரும்பாலும் டி4, அதாவது தைராக்சின். கொஞ்சம் டி3யும் உண்டு. இந்த இரண்டும் ரத்தத்தில் எவ்வளவு இருக்கின்றன என்பதை பிட்யூட்டரி ஓயாமல் கவனித்துக்கொண்டே இருக்கிறது. போதுமான அளவு இருந்தால் டிஎஸ்எச்சைக் குறைத்துக்கொள்ளும், குறைந்தால் கூட்டும். பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுகிறோம், பதில் இல்லை என்றால் குரலை உயர்த்துகிறோம் அல்லவா? டிஎஸ்எச் அந்தக் குரல். உங்கள் ரிப்போர்ட்டில் குரல் உயர்ந்திருக்கிறது, பதிலும் வந்திருக்கிறது. உங்கள் தைராய்டு வேலை செய்கிறது, ஆனால் வழக்கத்தைவிட அதிகமாகத் தூண்டினால்தான் செய்கிறது. டாக்டர் "லேசாகக் குறைவு" என்றது இதைத்தான்.

இந்தத் தலைகீழ் உறவில் இன்னொரு நுணுக்கம் உண்டு. டி4 கொஞ்சம் அசைந்தாலே டிஎஸ்எச் பல மடங்கு அசையும். டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்எச் நூறு மடங்கு வரைகூட ஏறலாம். உங்கள் 1.1 லேப்பின் வரம்புக்குள் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஆரோக்கியமாக இருந்தபோது உங்கள் உடம்புக்குப் பழக்கமான அளவு ஒருவேளை 1.4 ஆக இருந்திருக்கலாம். லேப்பின் வரம்பு பல ஆயிரம் பேரை வைத்துப் போட்ட கோடு. உங்களுக்கென்று சொந்தமான வரம்பு அதைவிடக் குறுகலானது, அது உங்கள் பிட்யூட்டரிக்குத் தெரியும். அதனால்தான் தைராய்டு சிரமப்படத் தொடங்கும்போது டி4ஐவிட டிஎஸ்எச் முந்திக்கொண்டு காட்டிக்கொடுக்கிறது.

ஆனாலும் டிஎஸ்எச்சை மட்டும் தனியாகப் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. டிஎஸ்எச் கூடுதல், டி4 குறைவு என்றால் பழுது தைராய்டில். இரண்டுமே குறைவு என்றால் பிட்யூட்டரியைச் சந்தேகிக்க வேண்டும், குரல் கொடுக்க வேண்டியதே ஓய்ந்துவிட்டது. இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு டிஎஸ்எச் இயல்பான வரம்பிலேயே இருந்து ஏமாற்றும். டிஎஸ்எச் குறைவு, டி4 கூடுதல் என்றால் தைராய்டு யார் சொல்லையும் கேட்காமல் அதிகமாகச் சுரக்கிறது. என்னிடம் வருபவர்கள் ஒரே ஒரு எண்ணில் வட்டம் போட்டுக் கொண்டுவந்து நீட்டினால், அதன் ஜோடி எங்கே என்றுதான் முதலில் கேட்பேன். எந்த ஹார்மோன் ரிப்போர்ட்டுக்கும் இது பொருந்தும். எண்ணைப் பார்த்தால் போதாது, அந்த எண்ணுக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

பிட்யூட்டரியும் தன்னிச்சையாக நடப்பதில்லை. அதற்கு மேலே மூளையில் ஹைபோதலாமஸ் என்ற பகுதி இருக்கிறது. அங்கிருந்து டிஆர்எச் என்ற ஹார்மோன் இறங்கி வந்துதான் பிட்யூட்டரியை டிஎஸ்எச் சுரக்கவைக்கிறது. வெறும் மூன்று அமினோ அமிலங்களால் ஆன மிகச் சின்ன மூலக்கூறு அது. அதைப் பிரித்தெடுக்க ரோஜர் கியூமன், ஆண்ட்ரூ ஷாலி ஆகிய இருவரின் ஆய்வுக்குழுக்களும் போட்டிபோட்டுக்கொண்டு லட்சக்கணக்கான செம்மறியாடு, பன்றி மூளைகளிலிருந்து ஹைபோதலாமஸ் துண்டுகளைச் சேகரித்தன. 1969இல்தான் அதன் அமைப்பு தெரியவந்தது. 1977ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை அவர்கள் இருவரும் ரோசலின் யாலோவுடன் பகிர்ந்துகொண்டார்கள். யாலோவும், அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்ட சாலமன் பெர்சனும் சேர்ந்து கண்டுபிடித்த ரேடியோ இம்யூனோ அஸ்ஸே என்ற முறையால்தான் ரத்தத்தில் இருக்கும் மிக நுண்ணிய அளவு ஹார்மோன்களை அளக்க முடிந்தது. உங்கள் ஃப்ரீ டி4 1.1 என்பது 100 மில்லிலிட்டர் ரத்தநீரில் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய அளவு. இவ்வளவு சொற்பத்தை நம்பித்தான் இதயத்துடிப்பும் உடல் சூடும் குடலின் அசைவும் நடக்கின்றன.

ஹார்மோன் ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போகிறது. ஆனாலும் அதற்கான ஏற்பி, அதாவது அதை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு, உள்ள செல்கள் மட்டுமே அதற்கு இணங்கும். டிஎஸ்எச் விரல் நுனி வரை போய்வந்தாலும் அதைக் கேட்டு நடப்பது முக்கியமாக தைராய்டுதான். தைராய்டு ஹார்மோனின் கதை வேறு, அதற்கு ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் ஏற்பிகள் உண்டு. களைப்பு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, வறண்ட தோல், ஞாபக மறதி என்று சம்பந்தமே இல்லாத மாதிரித் தெரியும் தொல்லைகள் ஒரே சுரப்பியிலிருந்து வருவது இதனால்தான்.

இங்கே உங்களிடம் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நீங்கள் பட்டியலிட்ட எல்லாவற்றுக்கும் டிஎஸ்எச் 7.4தான் காரணம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தைராய்டு நன்றாகவே குறைந்தவர்களுக்கும் அதனால் மட்டும் கூடும் எடை பெரும்பாலும் நான்கைந்து கிலோவைத் தாண்டாது, அதிலும் பெரும்பகுதி உடலில் தங்கும் நீரும் உப்பும்தான். டி4 இயல்பாக இருக்கும் உங்களுக்கு 9 கிலோ கூடியதற்கு வேறு காரணமும் இருக்க வேண்டும். மாதவிலக்கு உள்ள பெண்களுக்குக் களைப்பும் முடி உதிர்வும் சேர்ந்து வந்தால் நான் முதலில் பார்ப்பது இரும்புச்சத்தைத்தான். ஹீமோகுளோபின் மட்டும் போதாது, உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். கையிருப்பு இரும்பு தீர்ந்த பிறகும் ஹீமோகுளோபின் கொஞ்ச காலம் இயல்பாகவே தெரியும். பெரிய காய்ச்சல், அறுவைசிகிச்சை போன்றவை வந்துபோன இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்துக்கொத்தாக உதிர்வதும் சகஜம், அது தானாகச் சரியாகிவிடும். எல்லாப் பழியையும் தைராய்டின் மேல் போட்டுவிட்டால் உண்மையான காரணத்தைத் தேடுவது அங்கேயே நின்றுவிடுகிறது. இது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

மாதவிலக்குத் தள்ளிப்போவதில் தைராய்டுக்குப் பங்கு இருக்கலாம். தைராய்டு குறையும்போது மேலிருந்து இறங்கும் டிஆர்எச் கூடும். அது டிஎஸ்எச்சோடு, தாய்ப்பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனையும் சேர்த்துத் தூண்டும். புரோலாக்டின் கூடினால் முட்டை வெளிவருவது தடைபடும். ஆனால் எடை கூடுவதும் சுழற்சி நீள்வதும் சேர்ந்து வரும்போது இன்சுலினையும் நினைக்க வேண்டும். உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்காவிட்டால் கணையம் கூடுதலாகச் சுரக்கும். அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பைகளைத் தூண்டி ஆண் ஹார்மோன்களை அதிகமாகச் சுரக்கவைக்கும். பிசிஓஎஸ் என்று பலரும் கேள்விப்பட்டிருக்கும் பிரச்சினையில் பெரும்பாலும் நடப்பது இது. அதனால் வெறும் வயிற்றுச் சர்க்கரையும், ஏறக்குறைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சியும் பார்ப்பது நல்லது, கருத்தரிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவையும்கூட. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறது என்றால் முதலில் ஒரு கர்ப்பப் பரிசோதனை. எல்லோரும் மறப்பது இதைத்தான்.

இன்சுலினைப் பற்றிச் சொன்னதால் ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிடுகிறேன். எல்லாச் சுரப்பிகளும் பிட்யூட்டரிக்குக் கீழே வேலை செய்கின்றன என்று பலர் படித்திருப்பார்கள். அப்படி இல்லை. கணையத்தின் பீட்டா செல்கள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தாமே நேரடியாக உணர்ந்து இன்சுலினை விடுகின்றன. தைராய்டின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகளும் அப்படித்தான். ஒவ்வொன்றும் சில பத்து மில்லிகிராம் எடைதான் இருக்கும். ரத்தத்தில் கால்சியம் இம்மி குறைந்தாலும் உடனே ஹார்மோன் சுரந்து எலும்பிலிருந்தும் சிறுநீரகத்திலிருந்தும் அதை மீட்கும். பெயரில் தைராய்டு இருந்தாலும் தைராய்டின் வேலைக்கும் அவற்றுக்கும் தொடர்பே கிடையாது.

சரி, பேக்கேஜுக்கு வருவோம். வேண்டாம். ஹார்மோன்களுக்கு நேரம் உண்டு. சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் சுரக்கும் கார்டிசால் காலை எட்டு மணி வாக்கில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடிமட்டத்துக்குப் போய்விடும். மாலை நான்கு மணிக்கு எடுத்த ரத்தத்தில் அது குறைவாகத் தெரிந்தால் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. டிஎஸ்எச்கூட இரவில் ஏறி பகலில் இறங்கும். அதனால் மறுபரிசோதனைக்கு அதே லேப், ஏறக்குறைய அதே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டையை வளரவைக்கும் பிட்யூட்டரி ஹார்மோனான எஃப்எஸ்எச், சினைப்பை சுரக்கும் எஸ்ட்ரடையால் இரண்டையும் மாதவிலக்கின் 2 முதல் 4ஆம் நாளுக்குள் எடுக்க வேண்டும். முட்டை வெளிவந்ததா என்று காட்டும் புரோஜெஸ்ட்ரோனை அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய ஏழு நாள் முன்பு எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே காலையில், ஒரே ஊசியில் எடுத்தால் பாதி எண்களை எதனோடும் ஒப்பிட முடியாது.

எஸ்ட்ரடையாலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது என்னை வியக்கவைக்கிறது. சுழற்சியின் முதல் பாதியில் சினைப்பை சுரக்கும் இந்த ஹார்மோன் முட்டையை வெளிவரவைக்கும் பிட்யூட்டரி ஹார்மோனான எல்எச்சை அடக்கிவைக்கிறது, தைராக்சின் டிஎஸ்எச்சை அடக்குவது மாதிரியே. ஆனால் முட்டை முதிர்ந்து, எஸ்ட்ரடையால் ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமைத் தாண்டி ஏறக்குறைய இரண்டு நாள் அப்படியே நின்றால், அதே ஹார்மோன் அதே பிட்யூட்டரியிடம் நேர்மாறாக நடந்துகொள்கிறது. இதுவரை அடக்கியது இப்போது தூண்டுகிறது. எல்எச் திடீரென எழும்பி, ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை வெளியே வருகிறது. இன்று எடுத்த எஸ்ட்ரடையால் 210 என்று ஒரு ரிப்போர்ட் சொன்னால், அது எந்த நாள் என்று தெரியாமல் நல்லதா கெட்டதா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. "ஹார்மோன் இம்பேலன்ஸ்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் எந்த ஹார்மோன், எந்தச் சுரப்பி, எந்த நாளில் எடுத்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அவர் சொன்னதை நோயின் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பொடியைத் தொடவே தொடாதீர்கள். இதில் நான் கண்டிப்பாகவே இருக்கிறேன். தைராய்டுக்கென்று விற்கும் பல தயாரிப்புகளில் கெல்ப் எனும் கடற்பாசி இருக்கும், அதில் அயோடின் அளவுக்கு மீறி இருக்கலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250. அயோடின் அளவுக்கு மீறிப் போனால் தைராய்டு தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். ஆரோக்கியமான சுரப்பி சில நாளில் மீண்டுவிடும், ஏற்கனவே சிரமத்தில் இருக்கும் சுரப்பி மீளாமல் போகலாம். இத்தகைய சில தயாரிப்புகளைச் சோதித்தபோது, லேபிளில் குறிப்பிடாத தைராய்டு ஹார்மோனே அவற்றில் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்தவையும் உண்டு. அதைச் சாப்பிட்டால் முதல் வாரத்திலேயே உற்சாகம் வரும், அதனால்தான் அது ஆபத்து. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரும்வரை பிட்யூட்டரி அட்ரீனலைத் தூண்டாது, அட்ரீனல் சுருங்கிவிடும். பல மாதம் கழித்துப் பொடியைத் திடீரென நிறுத்தினால் உடம்புக்குக் கார்டிசால் இல்லாமல் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அக்காவின் மாத்திரையும் வேண்டாம். "தைராய்டு மாத்திரை" என்று மக்கள் சொல்வதில் இரண்டு எதிரெதிர் மருந்துகள் உண்டு. லீவோதைராக்சின் குறையை நிரப்பும், கார்பிமசோல் அதிகச் சுரப்பை அடக்கும். அக்காவுக்கு எது என்று நீங்கள் எழுதவில்லை. கார்பிமசோலாக இருந்து, நீங்கள் அறியாமலே கருத்தரித்திருந்தால் முதல் வாரங்களில் கருவுக்குப் பாதிப்பு வர வாய்ப்பிருக்கிறது. லீவோதைராக்சினாகவே இருந்தாலும் அவர் அளவு வேறு, உங்கள் அளவு வேறு. அக்காவுக்கு இருப்பது ஒரு விதத்தில் உங்களுக்குப் பயனுள்ள தகவல். தைராய்டை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் ஹாஷிமோட்டோ நோய் குடும்பங்களில் தொடர்ந்து வரும். 1912இல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் அதை முதலில் விவரித்தார். ஆன்ட்டி டிபிஓ என்ற பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். உங்கள் டாக்டரிடம் அதைக் கேட்டு எடுங்கள்.

இப்போது அந்தக் கடைசி வரி. கருவின் சொந்தத் தைராய்டு ஹார்மோன் தயாரிக்கத் தொடங்கவே ஏறக்குறைய 12 வாரம் ஆகும். கர்ப்பத்தின் முதல் பாதியில் குழந்தையின் மூளை பெரிதும் தாயின் தைராக்சினை நம்பித்தான் வளர்கிறது. அதனால் கர்ப்பத்தில் தைராய்டு வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தயாரிக்க வேண்டியிருக்கும். நஞ்சுக்கொடி சுரக்கும் எச்சிஜி ஹார்மோன் அமைப்பில் டிஎஸ்எச்சை ஒத்திருப்பதால் அதுவும் சேர்ந்து தைராய்டைத் தூண்டி உதவுகிறது. ஆரோக்கியமான சுரப்பி இந்தக் கூடுதல் வேலையைச் சமாளித்துவிடும். இப்போதே டிஎஸ்எச் 7.4 இருந்தால்தான் வேலை செய்யும் சுரப்பிக்கு அந்தத் தெம்பு இருக்காது, ஆன்ட்டி டிபிஓவும் இருந்தால் சொல்லவே வேண்டாம். கவனிக்காமல் விட்டால் கருச்சிதைவு வாய்ப்பு கூடுகிறது. அதனால் உங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலான மருத்துவர்கள் குறைந்த அளவில் லீவோதைராக்சின் தொடங்கி, டிஎஸ்எச் 2.5க்குக் கீழே வந்தபின் கருத்தரிக்கச் சொல்வார்கள். பயப்பட இதில் ஒன்றும் இல்லை. உடம்பு தானே தயாரிக்கும் அதே தைராக்சின்தான் அந்த மாத்திரையில் இருப்பது. சரியான அளவில் கர்ப்பகாலம் முழுவதும் அது பாதுகாப்பானது.

மாத்திரை தொடங்கினால் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, சாப்பிட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் அவை தைராக்சினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். தைராக்சினில் பாதி ரத்தத்திலிருந்து கழிய ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அதனால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன் டிஎஸ்எச் பார்த்துப் பயனில்லை. அப்புறம் உங்கள் பயோட்டின். பல லேப் கருவிகள் தங்கள் பரிசோதனையிலேயே பயோட்டினைப் பயன்படுத்துகின்றன. நீங்கள் அதிக அளவில் அதை எடுத்துக்கொண்டிருந்தால் அத்தகைய கருவிகளில் டிஎஸ்எச் பொய்யாகக் குறைவாகவும் டி4 பொய்யாகக் கூடுதலாகவும் தெரியும். உங்கள் உண்மையான டிஎஸ்எச் 7.4ஐவிடக் கூடுதலாக, டி4 1.1ஐவிடக் குறைவாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. அடுத்த பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்துங்கள், மாத்திரையின் அட்டையையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது கர்ப்பம் உறுதியானால், முதல் பரிசோதனைத் தேதி வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பொதுவாக அளவை 25 முதல் 30 சதவீதம் உடனே கூட்டி, கர்ப்பத்தின் நடுப்பகுதி வரை ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் பார்ப்பார்கள். பிரசவம் முடிந்ததும் பழைய அளவுக்கே திரும்பலாம், சிலருக்கு மாத்திரையே தேவைப்படாது. ஆறு வாரம் கழித்து ஒரு டிஎஸ்எச் எடுத்து அதை முடிவு செய்துகொள்ளலாம்.